ஆலை நகரத்தில் வளர்ந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

ஓர் ஆலையையோ சுரங்கத்தையோ நம்பி எழுந்த ஊரின் வரலாற்றைத் தேடுபவருக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளும் தொழிற்சங்கத்தின் துண்டறிக்கைகளும் எளிதில் கிடைத்துவிடும். எத்தனை டன் உற்பத்தியானது, எந்த ஆண்டில் புதிய உலை மூட்டப்பட்டது, எந்த வேலைநிறுத்தம் எத்தனை நாள் நீடித்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஆனால், அந்த ஊரில் பிள்ளையாக வளர்ந்தவர் எந்த ஓசையைக் கேட்டுக் கண்விழித்தார், வேலியின் எந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைந்தார், நைட் ஷிப்டு முடித்து வந்த தந்தை உறங்கும் பகல் வேளையில் சத்தம் எழாமல் என்ன விளையாடினார் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றுப் பயிற்சி இல்லாதவர்களும் அதைச் செம்மையாகச் செய்ய முடியும். செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வகை ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலை முதலில் புரிந்துகொள்வது நல்லது. மற்ற ஊர்களில் பிறந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு பூர்வீக வீடாவது மிஞ்சியிருக்கும். ஆலைக் குடியிருப்பிலோ வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை முடிந்த நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். சிகாகோவுக்குத் தெற்கே ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காக 1880-இல் தொடங்கப்பட்ட புல்மன் நகரில் வீடுகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. 1893-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியின்போது கூலியைக் குறைத்த நிறுவனம் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது, 1894-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஜப்பானில் நாகசாகிக்கு அருகே உள்ள ஹாஷிமா என்ற நிலக்கரித் தீவில், ஏறத்தாழ 6 ஹெக்டேர் பரப்பில், 1959-இல் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலுக்குள் தீவில் ஒருவர்கூட இல்லை. இப்படிக் கலைந்துபோகிற ஊரின் நினைவு பல திசைகளுக்குச் சிதறிவிடுகிறது. ஆகவே, நினைவுகளைப் பதிவு செய்யும் பணியில் பாதி, மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே கழியும்.

யாரைத் தேடுவது

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களின் குழு, ஓய்வுபெற்றோர் சங்கம், ஆண்டுதோறும் கூடும் பழைய குடியிருப்பாளர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குவது இயல்பு. ஆனால், அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரில் நன்றாக வாழ்ந்தவர்கள். அவர்களிடம் மட்டும் கேட்டால் ஊர் முழுவதும் ஒரே குடும்பமாக இருந்தது என்ற சித்திரமே கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகள், குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்கள், ஆலைக்காக நிலம் எடுக்கப்பட்ட கிராமங்களைச் சேர்ந்தவர்கள், தந்தை விபத்தில் இறந்ததால் ஆண்டின் நடுவிலேயே பள்ளியை விட்டுப் போனவர்கள் ஆகியோரைத் தனியாகத் தேட வேண்டும். ஒன்றுகூடலில் பேசுகிற ஒவ்வொருவரிடமும், "உங்கள் வகுப்பில் இருந்து இப்போது யாருடைய தொடர்பிலும் இல்லாதவர்கள் யார்?" என்று கேளுங்கள். அப்படிக் கிடைக்கும் பெயர்கள்தாம் பட்டியலில் மிக மதிப்புள்ளவை என்பது என் கருத்து.

வயதில் மூத்தவர்களை முதலில் சந்தியுங்கள். உடல்நலம் குன்றியவர்களை வசதியான நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாகத் தங்கள் பத்து முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகளே மற்றக் காலத்தைவிட மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. நேற்று நடந்ததை மறந்துவிடும் முதியவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஷிப்டு நேரங்களைத் தயங்காமல் சொல்வதில் வியப்பில்லை.

சந்திப்புக்கு முன்

முதல் சந்திப்புக்குப் போகும் முன் ஊரின் காலவரிசை ஒன்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆலை தொடங்கிய ஆண்டு, விரிவாக்கங்கள், பள்ளியும் மருத்துவமனையும் திறக்கப்பட்ட ஆண்டுகள், வேலைநிறுத்தங்கள், கதவடைப்புகள், பெரிய விபத்துகள், ஆட்குறைப்பு, மூடல் ஆகியவை அதில் இருந்தால் போதும். அந்தத் தாள் உங்களுக்காக மட்டுமே. பேசுகிறவரைத் திருத்துவதற்காக அன்று. "அந்தக் கதவடைப்புக்கு முன்பா, பின்பா?" என்று கேட்கும் அளவுக்கு உங்களுக்கு ஊர் தெரிந்திருந்தால், எதிரில் இருப்பவர் தம் நேரம் வீணாகவில்லை என்று உணர்வார், அதன் பிறகு அவர் பேசும் விதமே மாறிவிடும்.

பழைய வரைபடம் ஒன்றும் தேவை. அதையும் முதலிலேயே எடுத்துக் காட்டிவிட வேண்டாம். வெற்றுத் தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன வழியை வரையச் சொல்லுங்கள். அளவும் திசையும் தவறினாலும் பரவாயில்லை. எந்த இடம் பெரிதாக வரையப்படுகிறது, எந்த இடம் வரையப்படவே இல்லை என்பவற்றிலிருந்து அந்தக் குழந்தையின் ஊர் வெளிப்படும். யார்க்ஷயரில் டைட்டஸ் சால்ட் தம் கம்பளி ஆலைக்காக எழுப்பிய சால்டேர் நகரில் பல தெருக்களுக்கு அவருடைய மனைவி மக்களின் பெயர்களே சூட்டப்பட்டன. உரிமையாளர் தரும் பெயர் பலகையில் நிற்கும்; பிள்ளைகள் தரும் பெயர் எழுதப்படாமலேயே வழங்கும். சாம்பல் மேடு, குளிரூட்டும் கோபுரத்தின் அடிவாரம், மாலையில் கூடும் பாலச்சுவர் ஆகியவற்றுக்குப் பிள்ளைகள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை வரையும்போதே கேட்டு, அதே தாளில் எழுதி வாங்குங்கள். மேலாளர்களின் வீடுகள் இருந்த தெருவுக்குள் சைக்கிளில் போக முடிந்ததா, யாரும் தடுக்காமலேயே போகாமல் இருந்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். படிநிலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்பவர்கள், விரல் வரைபடத்தின் மேல் இருக்கும்போது நடந்ததை நடந்தபடியே சொல்கிறார்கள்.

கேட்கும் முறை

"உங்கள் இளமைக் காலம் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் "அது பொற்காலம்" என்ற விடையே வரும். அந்த விடை பொய்யன்று. ஆனால், அதில் ஊர் இல்லை. எந்த ஊரில் வளர்ந்தவரும் அதையே சொல்லக்கூடும். அந்த ஊரில் மட்டுமே நடந்திருக்கக்கூடியதைக் கேட்பதுதான் நம் வேலை.

நான் சங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஆலைச் சங்கு ஒலித்த நேரங்களைக் கேட்டால் அந்த ஊரின் ஒரு நாள் முழுவதும் தானாகவே விரியும். எட்டு மணி நேர ஷிப்டுகள் மூன்றாகச் சுழலும் ஊரில் ஒவ்வொரு வாரமும் வீட்டின் கடிகாரம் மாறிக்கொண்டே இருக்கும். தந்தைக்கு எந்த ஷிப்டு என்பதைப் பொறுத்து அடுப்பு மூட்டும் நேரம், வானொலியின் ஒலியளவு, நண்பர்களை வீட்டுக்கு அழைக்கலாமா கூடாதா என்பவை அனைத்தும் முடிவாகும். இதைக் குறித்து நிதானமாகக் கேளுங்கள். நைட் ஷிப்டு வாரத்தில் யார் யாரை அடக்கினார்கள்? ஜன்னலை எதைக் கொண்டு மறைத்தார்கள்? ஓவர்டைம் இருந்த மாதத்தில் வீட்டில் என்ன மாறியது? நேரம் தவறிச் சங்கு ஒலித்தால் தெருவில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பலர் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள், ஏனெனில் அது விபத்தைப் பற்றிய கேள்வி. அந்த அமைதியை நிரப்ப நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. பத்து விநாடி மௌனம் கேட்பவருக்கு நீண்டதாகத் தோன்றும். சொல்பவருக்கோ அது போதாமலும் இருக்கலாம்.

அடுத்தது காற்றும் தூசியும். சிமென்ட் ஆலையின் சாம்பல் நிறத் தூசி, இரும்புத் தாதுவின் செந்தூசி, பஞ்சாலையின் நுண்ணிழை, நிலக்கரிக் கரி என்று ஒவ்வொரு தொழிலும் ஜன்னல் விளிம்பில் தனக்குரிய அடையாளத்தை விட்டுச் செல்லும். துவைத்த துணியை எந்தத் திசைக் காற்றில் உலர்த்தக் கூடாது என்பது வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். சல்லடை போட்டுத் தேடினாலும் நிறுவன அறிக்கையில் கிடைக்காத செய்தி இது. கரித் தூசி படிந்த கொடியையும் மீண்டும் அலசிய துணிகளையும் பற்றிப் பேசத் தொடங்கும் தாய்மார்களிடமிருந்து ஊரின் மாசு வரலாறே கிடைத்துவிடும்.

ஒளியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். உருக்காலைகளில் உருகிய கசடைக் கொட்டும் இரவுகளில் வானம் செந்நிறமாகும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முழு இருளே பின்னாளில் பழக வேண்டிய ஒன்றாக இருந்திருக்கிறது. பள்ளி, விளையாட்டுத் திடல், திரையரங்கு, போனஸ் நாள் ஆகியவை கேட்காமலேயே வரும் என்பதால் அவற்றுக்கு மிகுந்த முயற்சி தேவையில்லை.

வேலைநிறுத்தமும் கதவடைப்பும் தனிச் சந்திப்புக்கு உரியவை. அவற்றைக் குழுவாக உட்கார்ந்து பேச வைக்காதீர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், எதிர்வீட்டுக்காரர் வாயிலில் மறியல் செய்திருப்பார். அவர்களுடைய பிள்ளைகள் அந்த மாதங்களில் ஒருவரோடொருவர் விளையாடியிருக்க மாட்டார்கள். அந்தப் பிளவு எழுபது வயதிலும் ஆறாமல் இருப்பதுண்டு. குழுச் சந்திப்பு பெயர்களையும் விளையாட்டுகளையும் மீட்டெடுக்க உதவும். துயரத்தையும் அவமானத்தையும் மனிதர்கள் தனிமையில்தான் சொல்வார்கள்.

நினைவு பிழைபட்டால்

சொல்பவர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். இத்தாலியின் உருக்கு நகரமான டெர்னியில் நடந்தது இதற்குச் சிறந்த விடை. 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ஒப்பந்தத்தில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஆலையிலிருந்து வெளிவந்த தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் நடந்த மோதலில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்நகர மக்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்த அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியிடம், பலர் அந்த மரணம் 1953-இல், ஆயிரக்கணக்கானோரை ஆலை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்து நடந்த தெருப் போராட்டத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு தோழர் கொல்லப்பட்டும் தங்களால் எதுவும் செய்ய முடியாமற்போனதைத் தாங்க முடியாத ஊர், அந்த மரணத்தைத் தன் மிகப் பெரிய போராட்டத்தின் நடுவே கொண்டுபோய் வைத்துவிட்டது. போர்ட்டெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால், வேலையிழப்பு அந்நகரத்துக்கு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே, பேசுகிறவரை இடையில் நிறுத்தித் திருத்தாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். சரியான ஆண்டை அடிக்குறிப்பில் தனியாகத் தாருங்கள். ஒரே தவற்றைப் பலர் சொன்னால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள், ஏனெனில் அந்த இடத்தில்தான் ஊருக்கு ஏதோ வலித்திருக்கிறது.

இனிமையும் அதன் விலையும்

இந்தப் பணியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். ஏக்கத்தோடு பேசுகிறவரின் மகிழ்ச்சியை மதிக்க வேண்டும். அந்த மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் 1966 வரை நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தோண்டப்பட்டது. சுரங்கக் கழிவு சாலைகளிலும் முற்றங்களிலும் விளையாட்டிடங்களிலும் பரப்பப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதில் அள்ளி விளையாடினார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு அது ஆனந்தமான நினைவு. அவர்களுள் பலர் பின்னாளில் அதே தூசியால் நோயுற்று இறந்தார்கள், 2007-இல் அந்த ஊருக்கு ஊர் என்ற அரசுத் தகுதியே நீக்கப்பட்டது. ஹாஷிமாவிலும் இப்படியே. அடுக்குமாடிகளின் மேல்தளத்தில் விளையாடிய நாள்களை முன்னாள் குடியிருப்பாளர்கள் அன்போடு நினைவுகூர்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கொரியரும் சீனரும் அதே சுரங்கத்தில் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டார்கள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. இரண்டையும் ஒரே தொகுப்பில் அருகருகே வைப்பதுதான் நேர்மை.

கேட்கும்போது இதைக் குற்றச்சாட்டாகக் கேட்க வேண்டியதில்லை. "தந்தையின் வேலை உடைகளை யார் துவைத்தார்கள்?" என்று கேட்டால் போதும். கல்நார் தொழிலாளர்களின் உடைகளைத் துவைத்த குடும்பத்தாரும் நுரையீரல் உறைப் புற்றுநோயால் தாக்கப்பட்டது மருத்துவத்தில் நன்கு பதிவாகியுள்ளது. அந்நோய் வெளிப்பட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்வரை ஆகலாம். கல்நார், சிலிக்கா, பஞ்சுத் தூசி போன்றவற்றோடு வளர்ந்ததாகச் சொல்பவருக்கு நீண்ட நாள் இருமலோ மூச்சுத் திணறலோ இருப்பது தெரிந்தால், பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு, இளமைக்காலச் சூழலை மருத்துவரிடம் சொல்லும்படி தெளிவாக எடுத்துக் கூறுங்கள். பல மருத்துவர்கள் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். வளர்ந்த தெருவைப் பற்றிக் கேட்பது அரிது.

பதிவும் பாதுகாப்பும்

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நல்ல கைப்பேசியும் சட்டையில் பொருத்தும் சிறு மைக்கும் போதும். விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். முடிந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜிகாபைட் இடம் போதும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுகிறவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது மாறாது.

புகைப்படங்களை இரவல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வீட்டிலேயே குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வது, எந்த அட்டவணையையும்விட விரைவானது. ஊதியச் சீட்டு, கேட் பாஸ், நிறுவனத்தின் இதழ், பள்ளி மதிப்பெண் அட்டை போன்றவற்றையும் கேளுங்கள்; மனிதர்கள் பயனற்றவை என்று எறியவிருக்கும் தாள்களே இவற்றில் மிகுதி.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரம்வரை ஆவது வழக்கம். தானியங்கி மென்பொருள் எழுத்தாக்கினாலும் ஊர்ப் பெயர்கள், இயந்திரப் பெயர்கள், பட்டப் பெயர்கள் ஆகியவற்றை மனிதக் காதுதான் சரிபார்க்க வேண்டும். பேச்சு வழக்கை ஏட்டு வழக்காக மாற்றாதீர்கள். முழுவதையும் எழுத நேரமில்லாவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் பொருள் குறிப்பாவது எழுதி வையுங்கள். குறிப்பில்லாத ஒலிக்கோப்பை எவரும் கேட்பதில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைக் கடைப்பிடியுங்கள். ஒரு பிரதியை நூலகத்திலோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைப்பது சிறந்தது. நிறுவனத்திடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். ஆலை கைமாறும்போது அதன் காப்பறையும் கைமாறும். ஸ்வீடனின் கிருனா நகரம், அடியில் இரும்புச் சுரங்கம் விரிந்துகொண்டே போவதால், பல ஆண்டுகளாக வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் அதன் மரத் தேவாலயம் முழுதாகவே ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கட்டடங்களே இடம் மாறும் ஊரில், காகிதமும் ஒலியும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஒப்புதல் கடிதத்தைப் பேச்சு தொடங்குமுன் விளக்குங்கள். கையொப்பத்தைப் பேச்சு முடிந்த பின் வாங்குங்கள், ஏனெனில் என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகுதான் ஒருவரால் உண்மையாக ஒப்ப முடியும். முழுவதையும் வெளியிடலாமா, பெயரை மறைக்க வேண்டுமா, சில பகுதிகளைக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடி வைக்க வேண்டுமா என்ற தெரிவுகள் அதில் தனித்தனியாக இருக்கட்டும். பேச்சில் இடம்பெறும் மூன்றாம் மனிதரைப் பற்றிய அவதூறோ நோய் விவரமோ இருந்தால், பேசியவர் ஒப்பினாலும் அப்பகுதியை மூடியே வையுங்கள். எழுத்துப் பிரதியை அவருக்கு அனுப்பி, படித்துத் திருத்த ஒரு மாத அவகாசம் தாருங்கள்; கண்பார்வை குறைந்தவருக்கு நேரில் சென்று படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது அவர் புதிதாக ஏதேனும் சொன்னால் அதையும் பதிவு செய்து, முதல் பதிவோடு கலக்காமல் இரண்டாம் பதிவாக நாளிட்டுச் சேருங்கள். ஒலிப்பதிவின் முழுப் பிரதியை ஒரு பென் டிரைவில் அவருடைய குடும்பத்துக்குக் கொடுத்து, அதற்குள் இருப்பது என்ன என்பதை அதன் உறையில் எழுதிவிடுங்கள்.